எந்த நூறு? டிகிரி கணக்கில் வாசகர் கேள்விகள்

கத்திரி வெயிலோடு சேர்ந்து டிகிரி சந்தேகங்களும் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்து குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழில் முழுக்க வெப்பநிலைக் கணக்குக்கே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

பேப்பரில் "கடலூரில் 104 டிகிரி வெயில்" என்று போடுகிறார்கள். செல்போனில் 40 என்று காட்டுகிறது. எதை நம்புவது?
*வாசகர், மஞ்சக்குப்பம்*

இரண்டையும் நம்பலாம். இரண்டும் ஒரே வெயில்தான். வானிலை ஆய்வு மையம் செல்சியஸில்தான் அளக்கிறது, அதுவும் ஒரு தசம இலக்கத்தோடு. தமிழ்ப் பத்திரிகைகளில் பல அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிப் போடுகின்றன. காய்ச்சல் தெர்மாமீட்டரால் நம் வீடுகளில் ஃபாரன்ஹீட் பழகிவிட்டது. "வெயில் சதம் அடித்தது" என்று எழுதவும் அது வசதி. அந்தச் சதம் செல்சியஸில் 37.8 தான்.

எந்த அளவுகோலைப் பார்த்தாலும் முதலில் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்: பூஜ்யம் எங்கே வைத்திருக்கிறார்கள்? ஒரு படி எவ்வளவு உயரம்? செல்சியஸில் ஐஸ் உருகும் இடம் 0, தண்ணீர் கொதிக்கும் இடம் 100; நடுவில் 100 படி. ஃபாரன்ஹீட்டில் அதே இரண்டு இடங்கள் 32, 212; நடுவில் 180 படி. ஆக ஒரு செல்சியஸ் படி 1.8 ஃபாரன்ஹீட் படிக்குச் சமம். 32 என்பது பூஜ்யம் நகர்ந்த தூரம். சூத்திரத்தில் வேறு ஒன்றும் இல்லை.

செல்சியஸிலிருந்து ஃபாரன்ஹீட்: 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டவும்.
ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸ்: 32 கழித்து 1.8-ஆல் வகுக்கவும்.

மனக்கணக்குக்கு ஒரு வழி. செல்சியஸை இரட்டிப்பாக்குங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32 கூட்டுங்கள். 40-க்கு: 80, அதில் 8 போக 72, 32 சேர்த்தால் 104. 38.4-க்கு: 76.8, அதில் 7.68 போக 69.12, கூட்டினால் 101.1. இது உத்தேசக் கணக்கு அல்ல, துல்லியமான கணக்கு. இரண்டில் பத்தில் ஒன்று போனால் மீதி 1.8 தானே.

திரும்பி வருவதற்கு: 32 கழியுங்கள், பாதியாக்குங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 102-க்கு: 70, பாதி 35, 3.5 கூட்டினால் 38.5. உண்மையான விடை 38.9. இந்தப் பக்கக் கணக்கு சற்றுக் குறைவாகவே வரும். கடைசியாகக் கூட்டிய 3.5-இல் பத்தில் ஒன்றையும் (0.35) சேர்த்துவிட்டால் 38.85, போதும்.

இன்னொரு விஷயம். வானிலை மையத்தின் 40 என்பது, காற்று புகும் பலகை அடைப்புகள் கொண்ட வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், நிழலில் அளந்த காற்றின் சூடு. வெயிலில் நிறுத்திய பைக்கின் சீட்டோ தார் ரோடோ அதைவிட எவ்வளவோ அதிகம் சுடும். அதனால் பெட்டிக்குள் அளந்தது பொய் என்று ஆகாது. அளந்த பொருள் வேறு. செல்போனில் "உணரும் வெப்பம்" என்று தனியாக ஓர் எண் வரும். அது காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. கடலோரத்தில் நமக்கு வேர்வை சீக்கிரம் காய்வதில்லை என்பதால் அந்த எண் எப்போதும் பெரிதாகத் தெரியும்.

"இயல்பைவிட 4.5 டிகிரி அதிகம்" என்று செய்தியில் வந்தது. ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 40.1 வருகிறது. இயல்பைவிட 40 டிகிரி அதிகமா?
*பள்ளி மாணவி, திருப்பாதிரிப்புலியூர்*

சந்தேகப்பட்டீர்களே, அதுவே சரியான அறிகுறி. இங்கே 32 கூட்டக் கூடாது. இது ஒரு வெப்பநிலை அல்ல, இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். வித்தியாசத்தில் பூஜ்யம் எங்கே இருந்தாலும் அடிபட்டுப் போகும், படியின் உயரம் மட்டும்தான் மிஞ்சும். 4.5-ஐ 1.8-ஆல் பெருக்குங்கள், 8.1. அவ்வளவுதான்.

டிகிரி கணக்கில் படித்தவர்களும் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இதுதான். புவி வெப்பமாதலுக்குச் சொல்கிற 1.5 டிகிரி செல்சியஸ் வரம்பு, ஃபாரன்ஹீட்டில் 2.7, 34.7 அல்ல. வாக்கியத்தில் "அதிகம்", "குறைவு", "ஏறியது", "இறங்கியது", "வித்தியாசம்" என்ற சொல் ஏதாவது இருந்தால் 32-ஐத் தொடாதீர்கள்.

நீங்கள் பார்த்த 4.5-க்கு ஒரு பின்னணி உண்டு. கடலோர நிலையத்தில் அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸையாவது தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை என்று கணக்கில் எடுக்கிறார்கள். அந்த 37, ஃபாரன்ஹீட்டில் 98.6; அந்த 4.5, ஃபாரன்ஹீட்டில் 8.1. ஒரே வாக்கியத்தில் இரண்டு வகைக் கணக்கும் இருக்கிறது, பாருங்கள்.

குழந்தைக்கு உடம்பு சுட்டது. டிஜிட்டல் தெர்மாமீட்டரில் 38.2 என்று வந்தது. எப்போதும் 99, 100 என்றுதான் வரும். மெஷின் கெட்டுவிட்டதா?
*வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

கெடவில்லை, செல்சியஸுக்கு மாறிவிட்டது. திரையின் ஓரத்தில் சின்னதாக "சி" அல்லது "எஃப்" எழுத்து இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல மாடல்களில் அணைத்த நிலையில் பட்டனைச் சில விநாடி விடாமல் அழுத்தினால் அளவு மாறிவிடும். பையில் போட்டபோதோ குழந்தை விளையாடியபோதோ பட்டன் அழுந்தி மாறியிருக்கும். சில மாடல்களில் மாற்றவே வழி இருக்காது. அட்டைப்பெட்டியில் வந்த தாளில் சொல்லியிருப்பார்கள்.

38.2 என்றால் 100.8. அதாவது காய்ச்சல்தான்.

மொத்தக் கணக்கையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 37 என்றால் 98.6; அங்கிருந்து செல்சியஸில் அரை டிகிரி ஏறினால் ஃபாரன்ஹீட்டில் 0.9 ஏறும். 37.5 என்றால் 99.5. 38 என்றால் 100.4. 38.5 என்றால் 101.3. 39 என்றால் 102.2. 39.5 என்றால் 103.1. 40 என்றால் 104. இந்த ஏழையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தெர்மாமீட்டர் கூட்டுக்குள் சுருட்டி வைத்துவிடுங்கள். நடுராத்திரியில் யாரும் 1.8-ஆல் வகுத்துக்கொண்டிருக்க முடியாது.

மருத்துவர்கள் பொதுவாகக் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளும் கோடு 38, அதாவது 100.4. அந்த .4 எங்கிருந்து வந்தது என்றால், 38 என்ற முழு எண்ணை மாற்றியபோது ஒட்டிக்கொண்டது. 98.6-இன் கதையும் அதுதான். ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ் 1868-இல் வெளியிட்ட நூலில் சராசரி உடல் வெப்பம் 37 என்று எழுதினார். அதை மாற்றினால் 98.6 வருகிறது. தசம இலக்கத்தோடு இருப்பதால் மிகத் துல்லியமாக அளந்த எண் போலத் தெரிகிறதே தவிர, 98.4-ஓ 99-ஓ வந்தால் பதற வேண்டியதில்லை. ஒரே ஆளுக்குக் காலையில் குறைவாகவும் சாயங்காலம் கூடுதலாகவும் இருப்பது இயல்பு. ஆனால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பச்சிளங்குழந்தைக்கு 38 (100.4) வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அளக்கும்போது நடக்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். அக்குளில் வேர்வை இருந்தால் துடைத்துவிட்டு வையுங்கள். ஈரம் அளவைக் குறைத்துக் காட்டும். நுனி சட்டைத் துணியில் படாமல் தோலிலேயே படிந்திருக்க வேண்டும். கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, பீப் சத்தம் வரும்வரை எடுக்காதீர்கள். அக்குளில் வரும் அளவு வாயில் வருவதைவிட அரை முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருப்பது சகஜம். அதனால் மருத்துவரிடம் சொல்லும்போது எண், அளவுகோல், எங்கே வைத்து அளந்தது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூடாகப் பாலோ காபியோ குடித்த வாயில் வைப்பதானால் அரை மணி நேரமாவது போகட்டும்.

நெற்றிக்கு நேரே காட்டும் துப்பாக்கி வகை வைத்திருந்தால், அதில் "உடம்பு", "பொருள்" என்று இரண்டு நிலை இருக்கும். பொருள் நிலையில் இருந்தால் நெற்றித் தோலின் சூட்டை மட்டும் காட்டும். நல்ல ஆளுக்கே 34, 35 என்று வரும். உடம்பு நிலையில் அதுவே உள்ளுடம்புச் சூட்டுக்கு ஏற்பத் திருத்திக் காட்டும்.

இறால் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை. வாங்குபவரின் தாளில் "0 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது கீழே" என்று இருக்கிறது. எங்கள் மீட்டர் மைனஸ் 18 செல்சியஸ் காட்டுகிறது. மனக்கணக்கில் மைனஸ் 7.6 வந்தது, கால்குலேட்டரில் மைனஸ் 0.4. எது சரி?
*வாசகர், கடலூர் முதுநகர்*

கால்குலேட்டர்தான் சரி. உங்கள் சரக்கு வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைத்த அளவு தாராளமாக இல்லை. மயிரிழையில் இருக்கிறது.

மனக்கணக்கு எங்கே பிசகியது என்று பாருங்கள். மைனஸ் 18-ஐ இரட்டித்தால் மைனஸ் 36. அதில் பத்தில் ஒரு பங்கு 3.6. "கழிக்கணும்" என்ற பழக்கத்தில் மைனஸ் 39.6 என்று கீழே இறக்கிவிட்டீர்கள். கழிப்பது என்றால் அளவைச் சுருக்குவது. மைனஸ் எண் சுருங்கினால் பூஜ்யத்தின் பக்கம் வரும். மைனஸ் 32.4 ஆக வேண்டும். 32 கூட்டினால் மைனஸ் 0.4. இந்தத் தவறின் ஆபத்து, அது எப்போதும் சரக்கை உள்ளதைவிடக் குளிராகக் காட்டும். மைனஸ் 16 செல்சியஸில் இருக்கும் பெட்டிக்கு இதே தப்புக் கணக்கு மைனஸ் 3.2 ஃபாரன்ஹீட் என்று சொல்லித் தேற்றிவிடும். உண்மையில் அது பிளஸ் 3.2, வரம்புக்கு வெளியே.

குளிர் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு வேறொரு வழி நல்லது. இரண்டு அளவுகோலும் மைனஸ் 40-இல் ஒன்றாகச் சேர்கின்றன. மைனஸ் 40 செல்சியஸ் என்றாலும் ஃபாரன்ஹீட் என்றாலும் அதே குளிர். அதனால் முதலில் 40 கூட்டுங்கள், 1.8-ஆல் பெருக்குங்கள், கடைசியில் 40 கழியுங்கள். மைனஸ் 18 + 40 = 22. 22 × 1.8 = 39.6. 40 கழித்தால் மைனஸ் 0.4. திரும்பி வருவதற்கும் அதே வழி, பெருக்குவதற்குப் பதில் வகுக்க வேண்டும். மைனஸ் 10 ஃபாரன்ஹீட் + 40 = 30; 1.8-ஆல் வகுத்தால் 16.7, 40 கழித்தால் மைனஸ் 23.3. மைனஸ் 40-க்குக் கீழே போகாதவரை நடுவில் மைனஸ் குறியே வராது, தடுமாற இடமில்லை.

முழு எண்ணாக்குவதிலும் கவனம் வேண்டும். 0 ஃபாரன்ஹீட் என்பது மைனஸ் 17.8. அதை மைனஸ் 18 என்று கொண்டால் பாதுகாப்பான பக்கம், மைனஸ் 17.5 என்று கொண்டால் வரம்பு மீறிவிடும். குளிர்ந்த நிலையில் வைக்கும் மீனுக்கு 40 ஃபாரன்ஹீட் என்று வரம்பு போட்டிருந்தால் அது 4.4 செல்சியஸ், 4 என்று எழுதிக்கொள்ளுங்கள், 5 என்று எழுதாதீர்கள். "இதற்கு மேல் போகக் கூடாது" என்கிற வரம்பை மாற்றும்போது கீழ்ப்பக்கமாகத்தான் முழுமைப்படுத்த வேண்டும்.

அறை வாசலில் தெரியும் எண் அறைக் காற்றின் எண். தாளில் கேட்பது பெரும்பாலும் சரக்கின் நடுப்பகுதி. அதை அளக்க பிளாக்கின் நடுவரை துளை போட்டு, கூர்முனைத் தெர்மாமீட்டரைச் செருகி, எண் நகராமல் நின்ற பிறகு குறிக்க வேண்டும். துளை போடும் பிட்டையும் தெர்மாமீட்டர் முனையையும் முன்கூட்டியே குளிர் அறையில் போட்டுக் குளிரவைத்திருக்க வேண்டும். வெளிச்சூட்டோடு செருகினால் அந்த இடமே இளகி, ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும். பதிவேட்டில் "-18" என்று சிறு கோடு போடுவதைவிட "மைனஸ் 18 செல்சியஸ்" என்று எழுதுவது நல்லது. ஈரக் கையில் அந்தக் கோடு அழிந்துபோனால், உறைந்த சரக்கு அறை வெப்பத்தில் கிடந்ததாக ஆகிவிடும்.

ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்தை அப்படி வினோதமான இடத்தில் ஏன் வைத்தார்கள்?
*ஆசிரியர், லாஸ்பேட்டை*

டேனியல் காப்ரியல் ஃபாரன்ஹீட் 1724-இல் தன் அளவுகோலை வெளியிட்டபோது, ஐஸும் தண்ணீரும் நவச்சாரமும் கலந்த கலவையின் குளிரைப் பூஜ்யமாக வைத்தார். குல்பிக்காரர் ஐஸில் உப்பைக் கொட்டிக் குளிரைக் கூட்டுவாரே, அதே வேலைதான். வடக்கு ஐரோப்பாவின் குளிர்காலத்திலும் மைனஸ் எண் அதிகம் எழுத வேண்டியிராது. ஐஸ் உருகும் இடத்துக்கு 32, மனித உடம்புக்கு 96. ஏன் 96? 32-க்கும் 96-க்கும் நடுவே 64 படி. ஒரு கோட்டைப் பாதி, பாதியில் பாதி என்று ஆறு தடவை வகுத்தால் 64 படி கிடைத்துவிடும். கண்ணாடிக் குழாயில் கோடு போடுகிறவருக்கு இது பெரிய வசதி. பின்னால் தண்ணீர் கொதிக்கும் இடத்தை 212 என்று நிலைநிறுத்தியபோது படி லேசாக மாறி, உடம்பு 96-லிருந்து 98.6-க்குப் போனது.

செல்சியஸின் கதை இன்னும் சுவையானது. சுவீடனின் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் முன்வைத்த அளவுகோலில் கொதிக்கும் இடம் 0, உறையும் இடம் 100. சூடு ஏற ஏற எண் குறையும். அவர் 1744-இல் காலமானார். அதையொட்டித்தான் அந்த அளவுகோலைத் தலைகீழாகத் திருப்பினார்கள். "சென்டிகிரேடு" என்ற பெயரை விட்டு "செல்சியஸ்" என்று அதிகாரபூர்வமாக மாற்றியது 1948-இல். பழைய ஆட்கள் சென்டிகிரேடு என்று சொன்னால் திருத்த வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

பிரெஞ்சுக் காலத்துக் குறிப்பு ஒன்றில் புதுச்சேரியின் வெயில் "26 டிகிரி ஆர்" என்று இருக்கிறது. மே மாதத்தில் 26 டிகிரியா? பாட்டி வைத்திருந்த பிரெஞ்சுச் சமையல் புத்தகத்தில் "தெர்மோஸ்டா 6" என்றும் வருகிறது.
*வாசகி, மிஷன் வீதி, புதுச்சேரி*

முதலாவது ரெயோமூர் அளவு. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1730-இல் கொண்டுவந்தது. ஐஸ் உருகும் இடம் 0, தண்ணீர் கொதிக்கும் இடம் 80. அந்த 80 எப்படி வந்தது என்றால், அவர் தெர்மாமீட்டருக்குப் பயன்படுத்திய சாராயக் கலவை உறைநிலையில் 1000 பங்கு இருந்தால் கொதிநிலையில் 1080 பங்காகப் பெருகியது. பூஜ்யம் செல்சியஸின் அதே இடத்தில் இருப்பதால் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். 1.25-ஆல் பெருக்கினால் போதும். 26 என்றால் 32.5 செல்சியஸ், 90.5 ஃபாரன்ஹீட். ஆரம்பகாலச் சாராயத் தெர்மாமீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. தசம இலக்கம்வரை சத்தியம் செய்ய முடியாது.

கடலூர் ஆங்கிலேயர் கையில், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில். நடுவில் இருபது சொச்சம் கிலோமீட்டர். ஒரே வெயிலை அங்கே 90 என்றும் இங்கே 26 என்றும் எழுதிவைத்திருப்பார்கள். பழைய ஆவணங்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் அளவுகோலைப் பார்த்துவிட்டுத்தான் வெயில் கூடியதா குறைந்ததா என்று பேச வேண்டும். புரட்சிக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்களே நூறு பாகை அளவுக்கு மாறினார்கள், ஆனால் ரெயோமூர் உடனே மறைந்துவிடவில்லை. அமெரிக்கப் பொறியியல் நூல்களில் "ஆர்" என்று வந்தால் அது ரேங்கின் என்ற வேறோர் அளவுகோல். அறை வெப்பமே அதில் 540 பக்கம் இருக்கும். எண்ணின் அளவைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

"தெர்மோஸ்டா" என்பது பிரெஞ்சு ஓவன் திருகியில் இருக்கும் எண். அதை 30-ஆல் பெருக்குங்கள். 6 என்றால் 180 செல்சியஸ், 7 என்றால் 210. மிகப் பழைய ஓவன்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அமெரிக்கக் குறிப்பில் 350 என்று வந்தால் 177 செல்சியஸ். உங்கள் ஓவன் திருகியில் 175-க்கும் 180-க்கும் நடுவே வையுங்கள். 425 என்றால் 220. "ஃபேன் ஓடினால் 20 டிகிரி செல்சியஸ் குறைக்கவும்" என்றால் ஃபாரன்ஹீட் ஓவனில் 36 குறைக்க வேண்டும், 68 அல்ல. திருப்பாதிரிப்புலியூர் மாணவிக்குச் சொன்ன அதே விஷயம்.

நெய்வேலியில் பயிற்சியாளராக இருக்கிறேன். மோட்டார் கையேட்டில் "144 ஃபாரன்ஹீட் உயர்வு" என்று இருந்ததை 62 செல்சியஸ் என்று மாற்றினேன், தவறு என்றார்கள். இன்னொன்று: ஒரு வெப்பநிலை டிரான்ஸ்மிட்டர் திரையில் தவறாகக் காட்டுகிறது, ஆனால் சோதித்தபோது சரியாக இருந்தது.
*வாசகர், நெய்வேலி*

முதலாவதில் "உயர்வு" என்ற சொல்லைக் கவனிக்கத் தவறிவிட்டீர்கள். 144-ஐ 1.8-ஆல் வகுத்தால் 80. சுற்றுப்புறம் 40, உயர்வு 80 என்பது பி வகுப்பு மின்காப்பு கொண்ட மோட்டார்களில் வழக்கமாக வரும் ஜோடி. சரிபார்க்கவும் வழி உண்டு: 40 + 80 = 120 செல்சியஸ், அது 248 ஃபாரன்ஹீட். அந்தப் பக்கம் 104 + 144 = 248. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் கணக்கு சரி. 62 என்று வைத்திருந்தால் நல்ல மோட்டாரைக் காரணமில்லாமல் டிரிப் ஆக்கிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது உண்மையிலேயே கண்ணில் படாமல் தப்பிக்கும் கோளாறு. நீங்கள் எழுதியனுப்பிய விவரப்படி டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 400 ஃபாரன்ஹீட்டுக்கு 4 முதல் 20 மில்லி ஆம்பியர் அனுப்புகிறது. கட்டுப்பாட்டு அறையில் அதே மின்னோட்டத்தை 0 முதல் 200 செல்சியஸ் என்று படிக்க வைத்திருக்கிறார்கள். "நானூறுக்குப் பாதி இருநூறு" என்று உத்தேசமாக யாரோ போட்டது.

4 மில்லி ஆம்பியரில் உண்மை மைனஸ் 17.8 செல்சியஸ், திரையில் 0. 12 மில்லி ஆம்பியரில் உண்மை 200 ஃபாரன்ஹீட், அதாவது 93.3 செல்சியஸ், திரையில் 100. 20 மில்லி ஆம்பியரில் உண்மை 204.4, திரையில் 200. கீழே கூடுதலாகவும் மேலே குறைவாகவும் காட்டுகிறது. நடுவில் ஓரிடத்தில் இரண்டும் ஒத்துப்போயாக வேண்டும் அல்லவா? அந்த இடம் 16.8 மில்லி ஆம்பியர். 320 ஃபாரன்ஹீட், 160 செல்சியஸ். நீங்கள் 160-இல் வைத்துச் சோதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே சரியாகத்தான் இருக்கும்! ஒரே புள்ளியில் சோதித்தால் இந்தக் கோளாறு ஒருநாளும் பிடிபடாது. கீழ்முனை, நடு, மேல்முனை என்று குறைந்தது மூன்று இடத்தில் பாருங்கள். சரிசெய்ய, கட்டுப்பாட்டு அறையின் வரம்பை மைனஸ் 17.8 முதல் 204.4 என்று மாற்றலாம். அல்லது டிரான்ஸ்மிட்டரையே 0 முதல் 200 செல்சியஸுக்கு அமைக்கலாம். எந்தப் பக்கம் மாற்றினாலும் மறுபக்கத்தின் வரம்பைத் தொடாமல் விடுங்கள். இரண்டையும் இரண்டு பேர் ஒரே நாளில் மாற்றிவிட்டால் பழைய குழப்பமே புதிய எண்ணோடு திரும்பி வரும்.

உணரி பழுதா என்ற சந்தேகம் வந்தால், சூடு ஏற ஏற மின்தடை ஏறும் பிடி 100 வகைக்கு மல்டிமீட்டரே போதும். 0 செல்சியஸில் 100 ஓம், 30-இல் 111.7, 100-இல் 138.5 ஓம். கம்பியின் தடையைக் கழிக்க மறக்காதீர்கள். நீராவிக் கையேடுகளில் அடிக்கடி வரும் 538 செல்சியஸ் ஏன் முழு எண்ணாக இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். அது 1000 ஃபாரன்ஹீட். முதலில் போட்டவர்களுக்கு அது முழு எண்தான்.

வெயில் 20-லிருந்து 40 ஆனால் இரண்டு மடங்கு சூடு என்று சொல்லலாமா? கெல்வின் எதற்கு?
*கல்லூரி மாணவர், அரியாங்குப்பம்*

சொல்ல முடியாது. அதே இரண்டும் ஃபாரன்ஹீட்டில் 68, 104. இரண்டு மடங்கு எங்கே போனது? பூஜ்யத்தை நம் வசதிக்கு ஓரிடத்தில் வைத்துவிட்டு மடங்கு பேசக் கூடாது. மடங்கு பேச வேண்டுமானால் உண்மையான அடித்தளத்திலிருந்து எண்ண வேண்டும். அந்த அடித்தளம் மைனஸ் 273.15 செல்சியஸ். அதற்குக் கீழே குளிர் கிடையாது. அங்கிருந்து செல்சியஸ் படியிலேயே எண்ணுவதுதான் கெல்வின், 1848-இல் வில்லியம் தாம்சன் முன்வைத்தது. 20 செல்சியஸ் 293.15 கெல்வின், 40 செல்சியஸ் 313.15 கெல்வின். ஏறியது ஏறக்குறைய 7 சதவீதம். 1967-க்குப் பிறகு கெல்வினுக்கு டிகிரி என்ற சொல்லும் குறியும் கிடையாது. 300 கெல்வின் என்றாலே போதும்.

வாயுக் கணக்கு எதுவானாலும் கெல்வின்தான். காலையில் 27 டிகிரியில் கார் டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடி டயருக்குள் 57 டிகிரி ஆகிறது. செல்சியஸில் மடங்கு போட்டால் 63 பி.எஸ்.ஐ. வரும்; அபத்தம். 27 என்பது 300 கெல்வின், 57 என்பது 330. அழுத்தத்திலும் வெளிக்காற்றின் 14.7-ஐக் கூட்ட வேண்டும், ஏனென்றால் டயர் மீட்டரின் பூஜ்யமும் நகர்த்தி வைத்த பூஜ்யம்தான். 44.7 × 330 ÷ 300 = 49.2, 14.7 கழித்தால் 34.5 பி.எஸ்.ஐ. அதனால்தான் டயர் ஆறியிருக்கும்போது காற்றுப் பிடிக்கச் சொல்கிறார்கள்.

எல்.இ.டி. பல்பு அட்டையில் 6500 கே என்று இருக்கிறது. அவ்வளவு சூடா?
*வாசகி, வில்லியனூர்*

பல்பு அவ்வளவு சுடாது. அது வெளிச்சத்தின் நிறம். 6500 கெல்வினுக்குச் சூடேறிய ஒரு பொருள் எந்த நிறத்தில் ஒளிருமோ அந்த வெள்ளை. 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். குண்டு பல்பில் மட்டும் அது நிஜச் சூடு. அதன் இழை ஏறக்குறைய 2700 கெல்வினில்தான் எரிந்தது. எண் ஏற ஏற நிறம் நீலப் பக்கம் போகும், படுக்கையறைக்குக் குறைந்த எண்ணை வாங்குங்கள்.

வீட்டிலும் கடையிலும் வைத்திருக்கும் தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று நாமே பார்க்க முடியுமா?
*இனிப்புக் கடைக்காரர், பண்ருட்டி*

முடியும். ஐஸ் ஒன்று, கொதிநீர் ஒன்று, இரண்டு சோதனை.

ஐஸைத் துணியில் சுற்றித் தட்டிக் கடலைப்பருப்பு அளவுக்கு நொறுக்குங்கள். ஒரு பெரிய டம்ளரிலோ ஃபிளாஸ்கிலோ நிறையக் கொட்டி, குளிர்ந்த தண்ணீரை இடுக்குகள் நிரம்பும்வரை மட்டும் ஊற்றுங்கள். ஐஸ் மிதந்து அடியில் வெறும் தண்ணீர் நின்றால் தண்ணீர் அதிகம், வடித்துவிட்டு ஐஸ் போடுங்கள். அடியில் தேங்கும் தண்ணீர் 4 டிகிரிவரைகூட இருக்கும். கலக்கிவிட்டு மூன்று நான்கு நிமிடம் பொறுத்து, முனையை நடுவில், பாத்திரத்தின் அடியிலும் சுவரிலும் படாமல் பிடித்து, எண் நின்ற பிறகு பாருங்கள். 0 செல்சியஸ் அல்லது 32 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். அரை டிகிரி செல்சியஸ் முன்பின் இருந்தால் சமையலுக்குப் பரவாயில்லை.

மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் இதற்கு ஆகாது. கடல் தண்ணீர் பட்ட ஐஸில் உப்பு இருக்கும். கடல் தண்ணீர் மைனஸ் 1.9 டிகிரியில்தான் உறைகிறது. நல்ல தெர்மாமீட்டரைக் கெட்டது என்று தூக்கிப்போட்டுவிடுவீர்கள். நம் பக்கத்து உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தாலும் வித்தியாசம் 0.1 டிகிரிதான், சுத்திகரித்த தண்ணீர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பாதகமில்லை.

அடுத்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முனையை அடியில் படாமல் நடுவில் பிடியுங்கள். நம் ஊர் கடல் மட்டத்தை ஒட்டி இருப்பதால் 100 வர வேண்டும். ஊட்டியில் 93 பக்கத்திலேயே கொதித்துவிடும். புயல் சின்னம் கரைக்கு அருகே வந்து காற்றழுத்தம் 980 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கினால் கடலூரிலேயே 99-இல் கொதிக்கும். அன்றைக்குச் சோதிக்க வேண்டாம். காய்ச்சல் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விடவே கூடாது. கண்ணாடி வகை 42 டிகிரிக்கு மேல் தாங்காமல் உடைந்துவிடும், ஐஸில் வைத்தால் டிஜிட்டல் வகை "லோ" என்று மட்டும் காட்டும். அதை வெதுவெதுப்பான நீரில், நம்பகமான இன்னொரு தெர்மாமீட்டரோடு சேர்த்து வைத்து ஒப்பிடுவதுதான் வழி.

இப்போது இரண்டு எண்ணையும் பாருங்கள். ஐஸில் 1, கொதிநீரில் 101 என்றால் பூஜ்யம் மட்டும் நகர்ந்திருக்கிறது. எப்போதும் 1 கழித்துப் படியுங்கள். ஐஸில் 0, கொதிநீரில் 98 என்றால் படி உயரம் மாறியிருக்கிறது. ஐஸில் 1, கொதிநீரில் 99 என்றால் இரண்டும். அப்போது காட்டுகிற எண்ணிலிருந்து 1 கழித்து, 100-ஆல் பெருக்கி, 98-ஆல் வகுக்க வேண்டும். ஃபாரன்ஹீட்டை மாற்றுகிற அதே கணக்குதான். உங்கள் தெர்மாமீட்டர் தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது, அவ்வளவே. 75 காட்டினால் உண்மை 75.5. பாகு காய்ச்சும் 110, 115 பக்கம் காட்டும் எண்ணோடு 1.2, 1.3 கூட்டிக்கொள்ளுங்கள். அதை ஒரு பிளாஸ்திரித் துண்டில் எழுதித் தெர்மாமீட்டரின் கைப்பிடியில் ஒட்டிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஐஸில் வைத்துப் பாருங்கள்.